மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வடதுருவ ஒளி பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஸ்லோவில் தங்கை, ரொறன்ரோவில் மாமா என்று ஒருவராவது வெளிநாட்டில் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. "வாறது வாறீங்க, அந்த வானத்து வெளிச்சத்தயும் பாத்துட்டுப் போங்க" என்று அவர்கள் கூப்பிடுகிறார்கள். காசு சேர்த்துப் போகிறவர்களில் பலர் முகிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் அதிர்ஷ்டம் அல்ல, திட்டம். அந்தத் திட்டத்தைச் சரியாகப் போட உதவும் பதில்கள் இவை.

கல்லடிக் கடற்கரையில் நின்று ஒருநாளாவது பார்க்க முடியாதா?

முடியாது. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் இரு துருவங்களையும் சுற்றியுள்ள வளையங்களுக்குத்தான் இறக்குகிறது. இலங்கை காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. கேரளத்தின் தும்பாவில் 1963 இல் ரொக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கே அந்தக் கோடு அவ்வழியால் போவதுதான் காரணம். 2024 மே 10, 11 இல் இருபது ஆண்டுகளில் காணாத பெரிய காந்தப் புயல் அடித்தபோதும், லடாக்கின் ஹன்லேயில் தொடுவானத்தோடு ஒரு சிவப்பு மட்டுமே பதிவானது. "இன்றிரவு இலங்கையில் தெரியும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி நித்திரை முழிக்க வேண்டாம்.

பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம் எங்கிருந்து வருகின்றன?

துகள்கள் வந்து மோதும் வாயுவும் உயரமும்தான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. ஏறக்குறைய 100 முதல் 150 கிலோமீற்றர் உயரத்தில் ஒட்சிசன் பச்சையாக ஒளிரும். 200 கிலோமீற்றருக்கு மேலே அதே ஒட்சிசன் சிவப்பு. நைதரசன் நீலமும் ஊதாவும் தரும். வேகமாக ஆடும் திரையின் அடி ஓரத்தில் இளஞ்சிவப்புக் கரை தெரிந்தால் அதுவும் நைதரசன்தான். நம் மழைமுகில்களெல்லாம் 20 கிலோமீற்றருக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. ஒளி எப்போதும் முகிலுக்கு மேலேதான். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இது ஒன்றே.

எந்த மாதம் போவது?

வடக்கு ஐரோப்பாவில் ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இரவு போதிய இருட்டாக இருக்கும். அதற்குள் எங்கள் தெரிவு பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. சம இரவு நாட்களை ஒட்டிய செப்ரெம்பரிலும் மார்ச்சிலும் காந்தக் கிளர்ச்சி சராசரியாகக் கூட இருக்கும். நிலத்தில் பனி நிறைய இருக்கும், பகலிலும் நாலு இடம் பார்க்க வெளிச்சம் கிடைக்கும்.

டிசம்பரில் பாடசாலை விடுமுறை என்பதால் பலர் அப்போதே கேட்கிறார்கள். போகலாம், ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். நோர்வேயின் துரொம்சோவில் நவம்பர் 27 அளவிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் உதிப்பதே இல்லை. நண்பகலை ஒட்டி இரண்டு, மூன்று மணிநேரம் நீல மங்கல் மட்டுமே. கடலோர முகிலும் அந்தக் காலத்தில் அதிகம். சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் அந்தத் தொடர் இருட்டு மூன்றாம் நாளிலேயே சலித்துவிடும்.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை பிந்திவிடும். ஏப்ரல் நடுவில் அங்கே நள்ளிரவிலும் வானம் முழுதாகக் கறுப்பதில்லை. பலமான ஒளி தெரியும், மெல்லியது கரைந்துவிடும்.

பூரணை நிலவு தடையா என்றும் கேட்பார்கள். மெல்லிய ஒளியை நிலவு மங்கச் செய்யும், ஆனால் பனி மலைகளை வெளிச்சமாக்கிப் படத்துக்கு அழகு சேர்க்கும். வீட்டுக் கலண்டரில் போயா நாளைப் பார்த்து, வசதி இருந்தால் அதற்கு நாலைந்து நாள் தள்ளிப் போங்கள். அதற்காக மலிவான ரிக்கெற்றைக் கைவிட வேண்டியதில்லை.

எந்த ஊருக்குப் போவது?

உறவினர் இருக்கும் நாடு எது என்பதோடு, அந்த ஊரில் முகில் எப்படி என்பதையும் கேளுங்கள்.

துரொம்சோ 69.6 பாகை வடக்கில், ஒளி வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. கடலின் வெப்ப நீரோட்டத்தால் ஜனவரியிலும் சராசரி மைனஸ் 4 பாகை அளவுதான். நம் உடம்புக்கு இது பெரிய சலுகை. அதே கடல்தான் முகிலையும் கொண்டுவருகிறது. மார்கழி வெயிலை நம்பி முற்றத்தில் நெல் காயவைப்பது போலத்தான் துரொம்சோ நகருக்குள் மட்டும் நின்று வானத்தை நம்புவதும். ஆனால் மலைத்தொடரைத் தாண்டி ஷிபொட்ன் வழியாகப் பின்லாந்து எல்லையிலுள்ள கில்பிஸ்யார்விப் பக்கம், அதாவது 150 கிலோமீற்றர் சொச்சம் உள்ளே போனால், வானிலை முற்றாக வேறாக இருக்கலாம். அங்கே குளிரும் மைனஸ் 20க்கு இறங்கும். துரொம்சோ போகிறவர் இந்த ஓட்டத்துக்குக் காசு ஒதுக்கியே ஆகவேண்டும். எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சுவீடனின் அபிஸ்கோ வாகனம் இல்லாதவருக்கு நல்லது. மேற்கு மலைகள் ஈரத்தைத் தடுப்பதால் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறக்குறைய 300 மில்லிமீற்றர் மட்டுமே. 70 கிலோமீற்றர் நீளமான தோர்னெத்ரெஸ்க் ஏரியின் மேல் வானம் அடிக்கடி திறந்திருக்கும். ஸ்ரொக்ஹோமிலிருந்து இரவு ரயிலில் சுமார் 17, 18 மணிநேரம். ஊர் மிகச் சிறியது, தங்குமிடம் குறைவு. பல மாதம் முன்பே பதிய வேண்டும்.

பின்லாந்தின் ரொவனியெமி பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நத்தார்த் தாத்தா ஊர். ஒளிக்காகவே போகிறீர்கள் என்றால் இன்னும் வடக்கே இவாலோ, இனாரிப் பக்கம் போங்கள். ஐஸ்லாந்தில் குளிர் குறைவு, காட்சி அபாரம். ஆனால் காற்று ஆளைத் தள்ளும், முகில் மணிக்கொரு தரம் மாறும்.

கனடாவில் உறவுள்ளவர்களுக்கு யெல்லோநைவ். சமதரை, வறண்ட காற்று, வளையத்துக்கு நேர் கீழே என்பதால் தெளிந்த இரவுகள் அதிகம். விலையாகக் கொடுக்க வேண்டியது குளிர்: ஜனவரியில் மைனஸ் 25 சாதாரணம், மைனஸ் 40 உம் வரும். குளிர் வேண்டாம் என்றால் ஓகஸ்ட் கடைசி, செப்ரெம்பரில் போகலாம். அப்போது ஏரிகள் உறைந்திருக்காது, நீரில் ஒளியின் சாயல் விழும். அந்தக் காலத்தின் ஆபத்து காட்டுத்தீப் புகை. 2023 ஓகஸ்டில் அந்த நகரம் முழுவதையுமே வெளியேற்றினார்கள்.

எத்தனை இரவு தங்க வேண்டும்?

குறைந்தது நாலு, முடிந்தால் ஐந்து அல்லது ஆறு. ஓர் இரவில் வானம் திறக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்தால், மூன்று இரவில் ஒருமுறையாவது திறக்கும் வாய்ப்பு கணக்குப்படி 87 வீதம். நடைமுறையில் அது குறைவு. ஏனென்றால் முகில் தனித்தனி இரவாக வருவதில்லை. ஒரு தாழமுக்கம் வந்தால் மூன்று நாள் மூடிக்கொண்டே நிற்கும். ஆகவே இரவுகளைக் கூட்டுவதோடு இடத்தையும் மாற்றுங்கள். கடலோரம் மூன்று, உள்நாட்டில் இரண்டு என்று பிரிப்பது ஒரே இடத்தில் ஐந்தை விட நல்லது.

கண்ணாடிக் கூரை அறை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அந்த அறைக்கு ஓர் இரவுக்குக் கொடுக்கும் காசில் சாதாரண விடுதியில் பல இரவு தங்கலாம். கண்ணாடி அறை ஓரிடத்தில் நிற்கும், முகிலுக்குத் தப்பி ஓடாது. காசை இரவுகளில் போடுங்கள்.

கேபி எண் 2 என்று காட்டினால் வெளியே போகத் தேவையில்லையா?

கட்டாயம் போங்கள். கேபி என்பது மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை உலக அளவில் கணிக்கும் 0 முதல் 9 வரையான காந்தக் கிளர்ச்சி எண். வளையம் தெற்கே எவ்வளவு தூரம் விரிகிறது என்பதைத்தான் அது சொல்லும். துரொம்சோவிலும் அபிஸ்கோவிலும் யெல்லோநைவிலும் 1, 2 போதும். ரொவனியெமியில் 3 வந்தால் நல்லது. ஒஸ்லோவில் தங்கை வீட்டு மாடியிலிருந்து பார்ப்பதானால் அதைவிடக் கூடிய எண் வேண்டும்.

அன்றிரவு பார்க்க வேண்டிய ஒழுங்கு இது. முதலில் முகில் வரைபடம்: நோர்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து மூன்றின் வானிலை நிலையங்களும் இலவசமாக வெளியிடுகின்றன. உயர், நடு, தாழ் முகில் என்று பிரித்துக் காட்டினால் தாழ்முகிலையும் நடுமுகிலையும் கவனியுங்கள். மெல்லிய உயர்முகிலுக்கு ஊடாகப் பலமான ஒளி தெரியும். அடுத்தது சூரியக் காற்றின் காந்தத் திசை, செயலிகளில் பிசெட் என்று இருக்கும். அது மைனஸ் பக்கம் போய் அங்கேயே நின்றால் கதவு திறந்துவிட்டது என்று பொருள். இதை அளக்கும் விண்கலங்கள் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நிற்கின்றன. காற்று நொடிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் உங்களுக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு சுமார் 50 நிமிடம். அதனால்தான் அடுத்த கிழமைக்கான வடதுருவ ஒளி எதிர்வுகூறலை நம்பி விடுதி பதிவது வீண்.

செயலிகள் பல உலகப் பொது நேரத்தில் காட்டும். நோர்வே, சுவீடனில் குளிர்கால நேரம் அதைவிட ஒரு மணி கூட, பின்லாந்தில் இரண்டு மணி. ஊரில் இருப்பவர்களோடு பேச: நோர்வே நம்மை விட நாலரை மணிநேரம் பின்னால்.

மாலை ஆறு மணியிலிருந்து இரவு இரண்டு வரை எப்போதும் வரலாம். பத்திலிருந்து ஒரு மணி வரை வாய்ப்புக் கூட. ஒரு தரம் வந்து பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டால் அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். அடுத்த எழுச்சிக்கு ஒன்று, இரண்டு மணிநேரம் எடுக்கும்.

சூரியனின் உச்சம் 2024 ஓடு முடிந்துவிட்டதாமே, இனிப் பிரயோசனம் உண்டா?

உண்டு. சூரியனின் சுழற்சி ஏறக்குறைய 11 ஆண்டு. உச்சத்தில் தெற்கு நாடுகள் வரை ஒளி இறங்கும். நீங்கள் வளையத்துக்குக் கீழேயே போய் நிற்கப் போகிறீர்கள். அங்கே சுழற்சியின் தாழ்வு ஆண்டுகளிலும் தெளிந்த இரவுகளில் ஒளி வரும். இறங்குகாலத்தில் சூரியனின் வெளி வளிமண்டலத்திலுள்ள கொரோனாத் துளைகளிலிருந்து வேகக் காற்று 27 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். அதனால் போன மாதம் நன்றாக இருந்த நாட்களோடு 27ஐக் கூட்டிப் பார்ப்பது ஓரளவு பயனுள்ள ஊகம்.

வீசா எப்படி?

நோர்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து நாலும் ஷெங்கன், அதாவது ஒரே வீசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; சமமானால் முதலில் நுழையும் நாடு. பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகம் 2023 இல் மூடப்பட்டது, முடிவு வெளிநாட்டில்தான் எடுக்கப்படுகிறது. பாஸ்போர்ட் பல கிழமை கைக்கு வராது என்று எண்ணி மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் எடுத்ததாகவும், திரும்பும் நாளுக்குப் பின் 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கமாவது உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. நோர்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் ஷெங்கனுக்கு வெளியே; அங்கே போனால் இரட்டை நுழைவு வீசா வேண்டும்.

மறுப்பு வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, விண்ணப்பத்துக்கு முதல் கிழமை வங்கியில் திடீரென விழுந்த, எங்கிருந்து வந்தது என்று காட்டும் தாள் இல்லாத பெரிய தொகை. நெல் விற்ற காசு என்றால் கொள்வனவுப் பற்றுச்சீட்டு, நகை, காணி என்றால் அதற்கான பத்திரம், மகன் அனுப்பியது என்றால் அனுப்பிய சான்று. மற்றது, திரும்பி வருவீர்கள் என்பதற்கான பிடிமானம்: வேலைக் கடிதம், விடுமுறை அனுமதி, வியாபாரப் பதிவு, பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம். அரச ஊழியர் வெளிநாட்டு விடுமுறை அனுமதியை முதலில் எடுக்க வேண்டும், அதற்கே நாள் பிடிக்கும். தமிழில் உள்ள பிறப்பு, விவாகப் பதிவுகளைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

கனடாவுக்குப் பார்வையாளர் வீசா 100 கனேடிய டொலர், கைரேகைக்கு 85. அங்கே முடிவு வர எடுக்கும் காலம் மாறிக்கொண்டே இருக்கும். ரிக்கெற்றை வீசா வந்தபின் வாங்குங்கள்.

ஊரிலிருந்து கட்டுநாயக்கா வரை என்ன கவனிக்க வேண்டும்?

அங்கே குளிர்காலம் என்றால் இங்கே மாரி. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் பயணம் என்றால் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே வெளிக்கிடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது கிழக்குக்கான ரயிலும் பல வீதிகளும் நின்றுபோனதை எல்லோரும் அறிவோம். அவ்வளவு பெரிய புயல் தேவையில்லை, ஒரு நாள் அடைமழையே போதும்.

மட்டக்களப்பிலிருந்து வாகனத்தில் போகிறவர்கள் கொழும்புக்குள் போக வேண்டியதில்லை. பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், நீர்கொழும்பு வழி நேரே விமான நிலையத்தில் விடும். அம்பாறையிலிருந்து மகியங்கனை, கண்டி வழி குறுக்கு என்றாலும் மாரியில் மண்சரிவுப் பயம் உண்டு. அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்தவர் மொனராகலை, அம்பாந்தோட்டை போய் அதிவேகப் பாதை பிடிக்கலாம். தூரம் கூட, ஆனால் நிச்சயம்.

தோகா அல்லது துபாய் வழியாக ஒஸ்லோ, பின் உள்நாட்டு விமானத்தில் சுமார் இரண்டு மணிநேரம் துரொம்சோ. முழுப் பயணத்தையும் ஒரே ரிக்கெற்றாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் பிந்தினால் அடுத்தது உங்கள் செலவு. ஒஸ்லோவில் குடிவரவு முடித்துப் பெட்டியை எடுத்து சுங்கம் கடந்து மீண்டும் கொடுக்க வேண்டி வரலாம். கட்டுநாயக்காவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இடையில் மூன்று மணிநேரமாவது விடுங்கள். தடித்த ஜக்கெற், தொப்பி, கையுறை, ஒரு சோடி கம்பளிக் காலுறை கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டி ஒருநாள் பிந்தினாலும் முதல் இரவு வீணாகாது.

என்ன உடுப்பு? நுவரெலியா சுவெற்றர் போதுமா?

போதாது. நுவரெலியாவில் நடந்து திரிவீர்கள்; ஒளி பார்க்கப் போனால் மைனஸ் 15இல் இரண்டு மணிநேரம் அசையாமல் நிற்பீர்கள். உடம்பு சூடு உண்டாக்காத நிலையில் நிற்பதற்கு உடுக்க வேண்டும்.

தோலோடு ஒட்டிய முதல் அடுக்கு மெரினோக் கம்பளி அல்லது செயற்கை இழைத் தேர்மல், மேலும் கீழும் இரண்டு சோடி. பருத்தி பெனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். நாம் எளிதில் வியர்ப்பவர்கள், வாகனத்துக்குள் ஜக்கெற்றைக் கழற்றி வைத்து இறங்கும்போது போடுங்கள். இரண்டாம் அடுக்கு கம்பளி அல்லது பிளீஸ். மூன்றாவது காற்றுப் புகாத, இடுப்புக்குக் கீழே இறங்கும் தடித்த ஜக்கெற். காலுக்குத் தேர்மலின் மேல் பனிக் காற்சட்டை, ஜீன்ஸ் விறைத்துவிடும். சல்வார் உடுப்பவர்கள் உள்ளே தேர்மல், வெளியே பனிக் காற்சட்டை போட்டால் சரி.

பெரும்பாலானோர் தோற்பது காலிலும் கையிலும். சப்பாத்து ஓர் அளவு பெரிதாக எடுங்கள். விரல் உள்ளே ஆட இடம் வேண்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் மூன்று காலுறை போட்டால் இரத்த ஓட்டம் நின்று இன்னும் குளிரும். ஒரு மெல்லியது, ஒரு தடித்த கம்பளி போதும். கைக்கு மெல்லிய விரலுறை, அதன் மேல் விரல் பிரியாத தடித்த உறை. கைச்சூட்டுப் பொதி இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து சூடாவது. பொதியைத் திறந்து பத்து நிமிடம் காற்றுப்பட விட்டுப் பிறகு உள்ளே வையுங்கள், தோலில் நேரே படாமல். நகருக்குள் நடக்கச் சப்பாத்துக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டி வாங்குங்கள். துரொம்சோவில் பனி உருகி மீண்டும் உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். உறைவை விட வழுக்கி விழுந்து கை முறிவது அங்கே சாதாரணம்.

மைனஸ் 20க்கு அண்மையில் மூச்சை இழுத்தால் மூக்குக்குள் மயிர் ஒட்டி ஒட்டிப் பிரியும், கண் இமையில் வெள்ளையாகப் பொரியும். அது இயல்பு, பயம் வேண்டாம். ஆனால் தோடு, மூக்குத்தி, கண்ணாடியின் உலோகச் சட்டம் தோலில் பட்ட இடத்தில் குளிர் கடிக்கும். இரவில் கழற்றி வையுங்கள். உதட்டுக்கு வசலின் கொண்டுபோங்கள். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழேயே உறைந்துவிடும், போத்தலிலிருந்து வராது.

எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. தேர்மல், காலுறை, தொப்பியை வாங்குங்கள். ஜக்கெற், காற்சட்டை, சப்பாத்தைத் துரொம்சோ, ரொவனியெமி, யெல்லோநைவ் மூன்றிலும் நாள் வாடகைக்கு எடுக்கலாம். பல சுற்றுலாக்காரர் முழு உடலுறையும் தருவார்கள். பதியும்போது உயரமும் சப்பாத்து அளவும் அனுப்புங்கள்.

சுற்றுலாவோடு போவதா, நாமே வாகனம் ஓட்டுவதா?

ஓட்ட வேண்டாம். இங்கே இருபது வருடம் லொறி ஓட்டியவருக்கும் சொல்கிறோம். வலப்பக்க ஓட்டம், கரும் பனிக்கட்டி, நடுவீதியில் நிற்கும் கலைமான், எல்லோரும் வானத்தைப் பார்க்கும் நேரம். துரொம்சோவில் முகிலைத் துரத்திப் போகும் சுற்றுலா ஆளுக்கு 1,000 முதல் 2,000 நோர்வேக் குரோணர் வரை. பெரிய பஸ் மலிவு, ஆனால் நிறுத்த இடம் குறைவு. 8 முதல் 15 பேர் போகும் சிறிய வான் நல்லது. பதியமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை கிலோமீற்றர் வரை துரத்துவீர்கள், பின்லாந்து எல்லை தாண்டுவீர்களா, தெரியாவிட்டால் மறுநாள் கழிவு உண்டா. முதல் இரவுக்கே பதியுங்கள். கடைசி இரவுக்கு விட்டால் திருத்த நேரம் இருக்காது.

கண்ணுக்கு ஏன் படத்தில் போலப் பச்சையாகத் தெரிவதில்லை?

குறைந்த வெளிச்சத்தில் நம் கண் நிறம் பிரிக்காது. மெல்லிய ஒளி சாம்பல் நிற முகில் கீற்றுப் போலத்தான் முதலில் தெரியும். சந்தேகம் வந்தால் போனை உயர்த்தி மூன்று நொடிப் படம் ஒன்று எடுங்கள், பச்சை விழுந்தால் அதுதான். பலமாக வரும்போது கண்ணுக்கே பச்சையும் இளஞ்சிவப்பும் தெளிவாகத் தெரியும், வேகமாக நெளிந்து அசையும். அந்த அசைவை எந்தப் படமும் காட்டாது. கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் வேண்டும். ஒருதரம் போன் திரையை முழு வெளிச்சத்தில் பார்த்தால் திரும்பத் தொடங்க வேண்டும்.

படம் எடுக்க என்ன அமைப்பு?

முக்காலி இல்லாவிட்டால் எதுவும் சரிவராது. கமெராவில் அகலக் கோண வில்லை 14 முதல் 24 மில்லிமீற்றர், துவாரம் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, நேரம் மெதுவான ஒளிக்கு 8 முதல் 15 நொடி, வேகமாக ஆடினால் 2 முதல் 4 நொடி. நீண்ட நேரம் விட்டால் திரைமடிப்பெல்லாம் குழைந்து பச்சைக் கூழாகிவிடும். தானியங்கிக் குவியத்தை அணைத்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிப் புள்ளியாகும் வரை கையால் திருப்புங்கள். வெண்சமநிலை 3500 முதல் 4000 கெல்வின். பிளாஷ் அணைந்திருக்கட்டும், பக்கத்தில் நிற்பவர்கள் இருபது நிமிட இருட்டை இழப்பார்கள். போனில் இரவு நிலை, முக்காலி, மூன்று நொடி தாமத அழுத்தம் போதும்.

குளிரில் பற்றரி பாதி நேரத்தில் இறங்கும். மேலதிக பற்றரியும் போனும் உள்சட்டைப் பையில், உடம்போடு. திரும்பி அறைக்குள் வரமுன், வெளியே நிற்கும்போதே கமெராவை சிப் பையில் போட்டுக் காற்றை அமத்தி மூடுங்கள். ஈரக்காற்று நேரே பட்டால் வில்லைக்குள் நீர் படியும். இரண்டு மணிநேரம் கழித்துத் திறக்கலாம். மெமரி அட்டையைப் பைக்குள் போடமுன் எடுத்துவிடுங்கள்.

சாப்பாடு?

சமையலறை உள்ள வீடாக எடுங்கள், பாதிச் செலவு மிச்சம். அரிசியும் பருப்பும் மீனும் அங்கேயே கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். இங்கிருந்து கறித்தூள், அரிசிமா, முறுக்கு கொண்டுபோகலாம். இறைச்சியும் பால் பொருட்களும் தடை: எருமைத்தயிர், நெய், பால் ரொபி எல்லாம் சுங்கத்தில் போய்விடும். கறிவேப்பிலை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தாவரச் சான்றிதழ் இல்லாமல் போகாது. சுற்றுலாவில் தரும் சூடான கஞ்சியில் கலைமான் இறைச்சி இருக்கலாம். மரக்கறி அல்லது ஹலால் என்று பதியும்போதே எழுதுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கு மீன் உணவு எளிது.

சூரியன் உதிக்காத ஊரில் தொழுகை நேரம்?

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறையிலிருந்து போகிறவர்கள் அதிகம் கேட்பது இது. துரொம்சோவில் பள்ளிவாசல் உண்டு, அங்குள்ளவர்கள் தங்களுக்கென நேர அட்டவணை வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுப் பின்பற்றுவதே நேர்வழி. போகுமுன் ஊர் உலமாக்களிடமும் பேசிக்கொள்ளுங்கள். கிப்லா அங்கிருந்து தெற்குத் தென்கிழக்கு, ஏறக்குறைய 154 பாகை. சுற்றுலா வான்கள் இரவில் ஐந்தாறு மணிநேரம் ஓடும், நிறுத்தும் நேரத்தை முன்கூட்டியே கேளுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் பகல் இருப்பதால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும்.

நீரிழிவு உள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். இன்சுலின் உறைந்தால் பயனில்லை. விமானத்தில் கைப்பையில், வெளியே உள்சட்டைப் பையில். சர்க்கரை பார்க்கும் கருவி குளிரில் பிழை காட்டும் அல்லது வேலை செய்யாது. வாகனத்துக்குள் வந்து பாருங்கள். கால் உணர்வு குறைந்தவருக்கு விறைப்பு தெரியாது, அதனால் அரை மணிக்கு ஒருமுறை காலுறையைக் கழற்றி நீங்களே விரலைப் பாருங்கள். தோல் வெளிறி மரத்திருந்தால் தேய்க்கக் கூடாது, பனியால் உரஞ்சவே கூடாது, நெருப்பருகேயும் வைக்கக் கூடாது. உள்ளே போய் உடம்புச் சூட்டோடு அணைத்து மெல்லச் சூடாக்குங்கள். நிறம் திரும்பாவிட்டால் மருத்துவமனை. நெஞ்சு வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் வாயையும் மூக்கையும் கழுத்துத் துணியால் மூடி மூச்சு விட வேண்டும். இன்ஹேலரும் உள்சட்டைப் பையில்தான்.

கடைசி இரவும் முகில் என்றால்?

விமான ரிக்கெற்றை மாற்றக்கூடியதாக எடுத்திருந்தால் முகில் வரைபடத்தில் இரண்டு நாளுக்குள் துளை தெரிகிறதா என்று பார்த்து நீட்டுங்கள், வீசா நாள் எண்ணிக்கைக்குள். நீட்ட முடியாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு திரும்பும் வழியில்: விமானம் முகிலுக்கு மேலே பறக்கும். துரொம்சோவிலிருந்து இரவு புறப்படும் விமானத்தில் இறக்கைக்கு முன்னுள்ள ஜன்னல் இருக்கை கேளுங்கள். ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கு இரவில் பறப்பவர்கள் இடப்பக்கம் எடுத்தால் வடக்கு வானம் கண்ணுக்கு நேரே. உள்விளக்கு கண்ணாடியில் தெறிக்காமல் ஜக்கெற்றைத் தலைக்கு மேல் போட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொள்ளுங்கள், கண் பழக இருபது நிமிடம் கொடுங்கள்.